தையல் இயந்திரத்தின் கைச்சக்கரத்தை மாற்றுதல்: ஒரு பட்டறைக் குறிப்பு

கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகள் ஓடும் வரை இருக்கை உறை தைப்பவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மேலே ரெக்சின், அதற்கடியில் ஃபோம், அதற்கும் அடியில் காடாத்துணி என்று மூன்று அடுக்கும், ஓரத்தில் பைப்பிங் வரும் இடத்தில் அதைப் போல இரண்டு மடங்கும் ஒரே ஊசியின் கீழே போக வேண்டியிருப்பதால், சட்டை தைக்கும் சிங்கிள் நீடில் இயந்திரம் இந்த வேலைக்கு ஆகாது. பாதமும் ஊசியும் அடிப்பல்லும் சேர்ந்து நகர்ந்து துணியை இழுத்துச் செல்லும் வாக்கிங் ஃபுட் இயந்திரம்தான் வேண்டும். அதைப் புதிதாக வாங்க வசதியில்லாத எங்களைப் போன்ற சிறு கடைகள், கை மாறி வந்த பழைய இயந்திரத்தை வாங்கிச் சீர்செய்து ஓட்டுகின்றன. அப்படி வந்து இறங்கும் இயந்திரங்களில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும் சேதம் வலது கோடியில் இருக்கும் கைச்சக்கரத்தில்தான் இருக்கிறது. விளிம்பில் விரிசல், தேய்ந்த பள்ளம், மரை அழிந்த ஓட்டை, அல்லது வேறு ஏதோ இயந்திரத்திலிருந்து கழற்றி மாட்டிய பொருந்தாத சக்கரம் என்று ஏதேனும் ஒன்று நிச்சயம் இருக்கும்.

“வீல்தானே, ஒன்றை வாங்கி மாட்டினால் போயிற்று” என்பதுதான் இதைப் பற்றிப் பொதுவாகக் கேட்கும் பேச்சு. மாட்டுவது உண்மையில் அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்த ஒரு சக்கரத்தின் தலையில் பல வேலைகள் கட்டப்பட்டிருக்கின்றன. மோட்டாரிலிருந்து வரும் பெல்ட்டை வாங்கும் புல்லி அதுதான். தடித்த மடிப்பை ஊசி துளைக்கும்போது வேகம் அறுபடாமல் தாங்கும் பாரச்சக்கரமும் அதுதான். தையலை முடித்ததும் ஊசியை மேலே கொண்டுவர வலது கை தானாகப் போய்ப் பிடிக்கும் பிடியும் அதுதான். பல இயந்திரங்களில் ஊசியை இயக்கும் மேல்தண்டு இடமும் வலமும் ஆடாமல் நிறுத்தும் தடையாகவும் அதன் முகப்பு வேலை செய்கிறது. சிங்கர் 111 என்ற பழைய வாக்கிங் ஃபுட் வகையிலும் அதன் வழிவந்த இயந்திரங்கள் பலவற்றிலும் தையல் நீளத்தைப் படிக்கும் அளவுகோலும் அதன் விளிம்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. புதுச் சக்கரம் வாங்குபவர் இவற்றில் புல்லி என்ற ஒன்றை மட்டும் நினைத்து வாங்குகிறார். மற்றவை ஒவ்வொன்றாகப் புகாராகத் திரும்பி வருகின்றன.

முதலில், மாற்ற வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வி பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களையும் பற்றித்தான் இழுக்க வேண்டும். பள்ளத்தின் அடியை அது தொடவே கூடாது. கதவுக்கடியில் செருகிய ஆப்பைப் போல, சரிந்த சுவர்களுக்கிடையே பெல்ட் இறுகுவதால்தான் அதற்குப் பிடிப்பு வருகிறது. முப்பத்தெட்டு டிகிரி கோணப் பள்ளத்தில், அதே இழுப்புள்ள தட்டைப் பெல்ட்டைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கும். பழைய சக்கரத்தின் பள்ளத்தைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அடிப்பகுதி மங்கலாகவும் சுவர்கள் மட்டும் மினுமினுப்பாகவும் இருந்தால் சக்கரம் நல்ல நிலையில் இருக்கிறது. அடி கண்ணாடி போல மின்னினால் சுவர்கள் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது மோட்டாரை எவ்வளவு கீழே இறக்கிப் பெல்ட்டை இறுக்கினாலும் தடித்த இடத்தில் வழுக்கத்தான் செய்யும். அந்தக் கூடுதல் இறுக்கத்தையெல்லாம் பின்புற பேரிங்தான் தாங்க வேண்டியிருக்கும். பெல்ட் வழுக்குகிறது என்று வருடத்துக்கு இரண்டு பெல்ட் மாற்றும் கடைகளில் பாதிக்குத் தேவைப்படுவது பெல்ட் அல்ல, சக்கரம் என்பது என் எண்ணம்.

அலுமினியச் சக்கரம் இப்படித் தேய்கிறது. பழைய வார்ப்பிரும்புச் சக்கரம் தேய்வதைவிட உடைவதுதான் அதிகம். உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டம் அல்ல, தூக்கல்தான். இயந்திரத்தின் தலையை மேசையிலிருந்து எடுக்கும்போது ஒருவர் கையை நீட்டிப் பிடிக்கத் தோதாக இருக்கும் இடம் அந்தச் சக்கரம்தான். லாரியில் ஏற்றும்போது ஒருவர் முகப்பையும் ஒருவர் சக்கரத்தையும் பிடித்துத் தூக்குவதை எந்த மார்க்கெட்டிலும் பார்க்கலாம். முழு எடையில் பாதி அந்தத் தண்டின் நுனியில் தொங்குகிறது. மேசையின் பின்பக்கத்தில் தலை சாய்ந்து நிற்பதற்கான தாங்கு கட்டை இல்லாமல் போனாலும் இதே கதைதான்: எண்ணெய்த் தொட்டியைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பவர் கை வழுக்கினால் சக்கரம் தரையைத் தேடுகிறது. ஆகவே விளிம்பில் விரிசல் கண்ட இயந்திரத்தில் தண்டு வளைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிய பின் தண்டின் நுனியில் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்ப்பது நல்லது. அது இல்லையென்றால், அசையாத ஓர் ஊசியின் முனையைத் தண்டுக்கு மிக அருகில் நிறுத்தி, தண்டைச் சுற்றும்போது இடைவெளி கூடிக் குறைகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தாலே போதும். வளைந்த தண்டில் எத்தனை புதுச் சக்கரம் போட்டாலும் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

சேதம் எதுவும் இல்லாமலேயே சக்கரத்தை மாற்ற நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மெதுவான ஓட்டம். இருக்கையின் மூலையைத் திருப்பும்போது ஒவ்வொரு தையலாக எண்ணிப் போட வேண்டும். எப்போதும் முழு வேகத்தில் சுழன்று, மிதியை அழுத்தினால் மட்டும் இயந்திரத்தோடு இணையும் கிளட்ச் மோட்டாரோ, மிதியைத் தொட்டதும் பாயத்தான் பார்க்கும். பெரிய சக்கரம் போட்டால் வேகம் குறையும் என்பது சரிதான், கணக்கும் எளிதுதான். மோட்டாரின் சுற்றை மோட்டார் புல்லியின் பயனுறு விட்டத்தால் (பெல்ட் உண்மையில் சுற்றும் வட்டத்தின் விட்டத்தால்) பெருக்கிக் கைச்சக்கரத்தின் பயனுறு விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை தையல் என்பது வந்துவிடும். தையல் இயந்திர மோட்டார் புல்லிக்குப் பயனுறு விட்டம் என்பது வெளிவிட்டத்தில் 5 மி.மீ. கழித்தது. நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1440 சுற்று ஓடும் மோட்டாரில் 75 மி.மீ. புல்லியும், இயந்திரத்தில் 80 மி.மீ. பயனுறு விட்டச் சக்கரமும் இருந்தால் நிமிடத்துக்கு 1260 தையல். அதே இடத்தில் 120 மி.மீ. சக்கரம் போட்டால் 840 தையல். ஊசிக்குக் கிடைக்கும் முறுக்கு விசை ஒன்றரை மடங்கு. கடையில் இருப்பது 2880 சுற்று மோட்டார் என்றால் சக்கரத்தைத் தொடுவதற்கு முன் மோட்டாரை மாற்றுவதுதான் அறிவு, ஏனெனில் வேகத்தைப் பாதியாக்க அதைவிட நேரான வழி இல்லை.

ஆனால் பெரிய சக்கரம் இலவசமாக வருவதில்லை. ஒரே கனமுள்ள தட்டு போன்ற சக்கரத்தின் விட்டம் ஒன்றரை மடங்கானால் எடை இரண்டேகால் மடங்காகிறது. சுழற்சியை நிறுத்துவதற்கான எதிர்ப்போ ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. கிளட்சின் பிரேக் அந்தச் சுழற்சியையெல்லாம் தாங்கி நிறுத்த வேண்டும். ஆகவே மிதியை விட்ட பின்னும் இயந்திரம் ஓரிரு தையல் கூடுதலாக ஓடி, எந்த மூலைக்காக இந்தப் பாடெல்லாம் பட்டோமோ அந்த மூலையையே தாண்டிவிடுகிறது. சுழற்சி மிகுந்த சக்கரம் தடித்த மடிப்பை எளிதாகக் கடக்கும், ஆனால் சட்டென்று நிற்காது. இரண்டையும் ஒரே சக்கரத்திடம் எதிர்பார்க்க முடியாது. மோட்டார் புல்லியை 50 மி.மீ. வரை சிறிதாக்கினாலும் ஏறக்குறைய அதே 840 தையல் வரும். அதற்கும் கீழே போனால் பெல்ட் அவ்வளவு சிறிய வட்டத்தில் மடங்க முடியாமல் வழுக்கும். அதற்கு மேலும் மெதுவாக வேண்டுமென்றால் மிதியின் அழுத்தத்துக்கேற்ப வேகம் மாறும் சர்வோ மோட்டாரும், இடையே வேகத்தைக் குறைக்கும் ஒரு ஸ்பீட் ரிடியூசர் புல்லியும்தான் சரியான வழி. சர்வோ விலை இறங்கிவிட்ட இந்தக் காலத்தில், மெதுவான ஓட்டத்துக்காக மட்டும் பெரிய சக்கரம் தேடி அலைவது வீண் என்பதே என் தீர்ப்பு. சக்கரத்தை அது கெட்டால் மாற்றுங்கள். மாற்றும்போது பழைய அளவையே மாட்டுங்கள்.

அளவு என்று சொல்லும்போது பலரும் வெளிவிட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். வெர்னியர் வைத்து எடுக்க வேண்டியவை வேறு பல. தண்டின் விட்டம் முதலாவது: எண்ணெய் தடவிக் கையால் அழுத்தினால் வழுக்கிப் போக வேண்டும், அசைத்தால் ஆடக் கூடாது. ஓட்டை 0.1 மி.மீ. பெரிதாக இருந்தாலும், சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் செட் ஸ்க்ரூ ஒரு பக்கமாகத் தள்ளுவதால் சக்கரம் மையம் விலகித்தான் உட்காரும். அடுத்தது, பள்ளத்தின் மையக்கோடு சக்கரத்தின் உள்முகப்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. இதை யாரும் அளப்பதில்லை, அதன் பலனைப் பிறகு பெல்ட் அனுபவிக்கிறது. பள்ளம் எந்தப் பெல்ட்டுக்கு உரியது என்பதும் உண்டு. தையல் இயந்திரங்களுக்குரிய எம் பெல்ட் மேலே 10 மி.மீ. அகலம், பம்புக்கும் மாவு அரைக்கும் இயந்திரத்துக்கும் போடும் ஏ பெல்ட் 13 மி.மீ. அகலம். ஏ பெல்ட்டுக்கான பள்ளத்தில் எம் பெல்ட்டைப் போட்டால் அது முதல் நாளே அடியில்தான் ஓடும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டேன் என்பது மட்டும் போதாது. கிளட்ச் மோட்டாரின் உள்ளே இருக்கும் பாரச்சக்கரம் சுவிட்சை அணைத்த பிறகும் கணிசமான நேரம் சுழன்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாருடைய காலாவது மிதியில் பட்டால் இயந்திரம் ஓடும், கை சக்கரத்தில் இருக்கும். சுவிட்சை அணைத்து, மிதியை அழுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டே அந்தச் சுழற்சியைத் தீர்த்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிய பிறகே பெல்ட் மூடியைக் கழற்ற வேண்டும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் பெல்ட் தளர்ந்து தானாக வெளியே வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரைச் செருகிப் பெல்ட்டை நெம்புவது பள்ளத்தின் விளிம்பைக் கீறும் வழக்கம்.

சக்கரத்தின் நடுக்கட்டையில் இரண்டு செட் ஸ்க்ரூ இருக்கும். அவற்றைத் தளர்த்தியும் சக்கரம் அசையவில்லை என்றால், விசையைக் கூட்டுவதற்கு முன் அதே ஓட்டைகளுக்குள் மறுபடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் ஸ்க்ரூவுக்குக் கீழே இன்னொரு ஸ்க்ரூ பூட்டாகப் போடப்பட்டிருப்பது அபூர்வமல்ல. அழுக்கும் எண்ணெய்ப் பிசினும் அதன் தலையை மூடியிருப்பதால் ஓட்டையின் அடி போலவே தெரியும். இரண்டும் வெளியே வந்த பிறகும் இறுக்கமாக இருந்தால் மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டு இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். அதற்கும் மசியாததை ஹாட் ஏர் கன் வைத்து நடுக்கட்டையை மட்டும் சூடாக்கி எடுக்கலாம். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் அலுமினியச் சக்கரத்தில் இந்த வழி நன்றாகவே பலிக்கும். இழுப்பதற்குப் புல்லரைப் பயன்படுத்தினால் அதன் நகங்கள் நடுக்கட்டையையோ அதை ஒட்டிய தடித்த பகுதியையோ பிடிக்க வேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்தால் வார்ப்பிரும்பு சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

சுத்தியல் மட்டும் வேண்டாம். எங்களுக்கு லேத் வேலை செய்து கொடுக்கும் பெரியவர் ஒருவர், யாராவது இயந்திரத்தோடு வந்தால் முதலில் சொல்வது இதைத்தான்: “வீலைத் தட்டி எடுக்காதீங்க தம்பி. நீங்க இந்தப் பக்கம் தட்டுற ஒவ்வொரு அடியும் அந்தப் பக்கம் ஊசிக்கம்பி வரைக்கும் போகுதுங்க.” அவர் சொல்வது அப்படியே உண்மை. தண்டின் நுனியில் விழும் அடி தண்டை நீளவாட்டில் தள்ளுகிறது. பேரிங்கின் குண்டுகள் தம் ஓடுபாதையில் சிறு சிறு குழிகளைப் பதிக்கின்றன. பெவல் கியர் உள்ள இயந்திரங்களில் பல்லும் பல்லும் கோத்திருக்கும் ஆழம் மாறி, அதுவரை இல்லாத ஓர் இரைச்சல் பிறக்கிறது. அந்த இரைச்சலைத் தேடி இயந்திரத்தின் வயிற்றைப் பிரிப்பவருக்கு, அது சக்கரம் கழற்றிய அன்று பிறந்தது என்பது நினைவில் இருக்காது.

ஸ்க்ரூக்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் நான் பார்த்த பாழான சக்கரங்களில் பெரும் பகுதி ஸ்க்ரூவால் பாழானவைதான். தொழிற்சாலைத் தையல் இயந்திரங்களின் மரை, நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் மரை அல்ல. சிங்கர் காலத்து அங்குல அளவுகளை ஜப்பானிய, சீன இயந்திரங்களும் இன்று வரை பெருமளவு தொடர்கின்றன: 9/64 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 40 மரை, 11/64-இல் 40, 15/64-இல் 28, 1/4-இல் 40 என்று வேறெங்கும் பார்க்க முடியாத கூட்டணிகள் அவை. இவற்றில் மிகவும் ஏமாற்றுவது 15/64-28. அதன் விட்டம் 5.95 மி.மீ., மரை இடைவெளி 0.907 மி.மீ. கடையில் கிடைக்கும் எம்6 ஸ்க்ரூவின் விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. இரண்டையும் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்தால் பழகிய கண்ணுக்குக்கூட வேறுபாடு தெரியாது. ஓட்டையில் வைத்துத் திருகினால் எம்6 முதல் சுற்று சமத்தாகப் போகும். அடுத்த சுற்றில் இறுகும். “நன்றாகப் பிடிக்கிறது” என்று நினைத்து எல் கீயை அழுத்தினால் அலுமினியத்தின் மரையை வழித்துக்கொண்டு உள்ளே போகும். அதன் பிறகு அந்த ஓட்டையில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. இரண்டு ஸ்க்ரூவின் மரைகளையும் ஒன்றோடொன்று கோத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பதுதான் எளிய சோதனை. ஒரே மரையென்றால் இடையில் வெளிச்சம் வராது. வேறு மரையென்றால் நாலாவது ஐந்தாவது பல்லுக்குள் இடைவெளி திறந்துகொள்ளும். பழைய ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். புதுச் சக்கரம் தன் ஸ்க்ரூக்களோடு வந்தால் அவற்றையே போடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். மரை ஏற்கெனவே அழிந்த ஓட்டை என்றால், அதைத் தொடாமல் தொண்ணூறு டிகிரி தள்ளிப் புதிய ஓட்டை போட்டு, லேத் பட்டறையில் எம்6 அல்லது எம்8 டேப் ஓட்டி மரை வெட்டிக்கொள்வது மானத்தோடு பிழைக்கும் வழி.

புதுச் சக்கரத்தை ஏற்றுவதற்கு முன் தண்டை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ஸ்க்ரூவின் முனை அழுத்திய இடத்தில் பிசிறு எழும்பியிருக்கும். அதை நைஸ் அரத்தால் சமன்செய்து, துணியால் துடைத்து, எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். பெரும்பாலான தண்டுகளில் ஒரு ஸ்க்ரூ உட்காருவதற்காகவே தட்டையாகச் சீவிய இடமோ சிறு குழியோ இருக்கும். சக்கரம் சுழலும் திசையில் முதலில் வரும் ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல் உட்கார வேண்டும். சிங்கிள் நீடிலிலும் வாக்கிங் ஃபுட்டிலும் சக்கரத்தின் மேல்விளிம்பு தைப்பவரை நோக்கி வரும் திசைதான் ஓட்டத் திசை. முதல் ஸ்க்ரூவைத் தட்டையில் உட்காரவைத்து மெதுவாக இறுக்கி, இரண்டாவதை இறுக்கி, மறுபடியும் முதலாவதுக்கு வந்து முழுதாக இறுக்க வேண்டும். தட்டையைக் கவனிக்காமல் உருண்டையின் மேல் இறுக்கினால் சில நாள் ஓடும், பிறகு சக்கரம் தண்டின் மேல் நழுவும். நழுவும்போது தண்டில் ஒரு வளையக் கீறலும் விழும்.

இறுக்குவதற்கு முன் தண்டின் பக்கவாட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். தண்டைப் பேரிங்கே இடம்பிடித்து நிறுத்தும் இயந்திரத்தில் இதற்கு வேலையில்லை. குண்டு பேரிங்குக்குப் பதில் புஷ் என்ற உலோகக் குழல் போட்ட பழைய இயந்திரங்களிலோ, சக்கரத்தின் முகப்பு பின்புஷ்ஷோடு ஒட்டி நிற்பதால்தான் தண்டு நகராமல் இருக்கிறது. ஊசிப் பக்கத்து முகப்புத் தகட்டைக் கழற்றி, ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து தண்டை இந்தப் பக்கமாகத் தள்ளிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைப் புஷ்ஷோடு அணைத்து ஸ்க்ரூவை இறுக்குவதே முறை. பிறகு சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ‘டக்’ என்ற ஓசை வரக் கூடாது. சுற்றினால் எந்த இடத்திலும் கனக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் மிகக் குறுகியது. கனக்கிறது என்றால் ஸ்க்ரூவைத் தளர்த்தி மயிரிழை அளவு பின்னே விடுவதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

சக்கரத்தின் சமநிலையை அதிவேக இயந்திரம் வைத்திருப்பவர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. ஜூகி டிடிஎல்-8700 போன்ற சிங்கிள் நீடில் இயந்திரம் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேலும் ஓடக்கூடியது. மையத்திலிருந்து மூன்றரை செ.மீ. தொலைவில் வெறும் 10 கிராம் எடை ஒரு பக்கமாகக் கூடியிருந்தால், 5000 சுற்றில் அது ஏறக்குறைய பத்துக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு தண்டை ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திசையிலும் இழுக்கும். உள்ளூர் வார்ப்பில் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கும் சக்கரத்தில் இது எளிதாக நடக்கும். எங்களுடையது ஆயிரம் சுற்றுக்குள் ஓடும் இயந்திரம் என்பதால், சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் குறைந்து அந்த விசை இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. அதனால் கோவையில் வார்த்து இங்கே கடைந்த சக்கரங்கள் எங்களிடம் குறையில்லாமல் ஓடுகின்றன. அதே சக்கரத்தைத் திருப்பூரில் பனியன் தைக்கும் இயந்திரத்தில் மாட்ட நான் சொல்ல மாட்டேன்.

பெல்ட்டை ஏற்றும்போது நேர்கோடு முக்கியம். சக்கரத்தின் பள்ளமும் மோட்டார் புல்லியின் பள்ளமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதை ஒரு நூலை இழுத்துப் பிடித்தே பார்த்துவிடலாம். ஆனால் கிளட்ச் மோட்டாரில் மிதியை அழுத்தியதும் புல்லி தன் தண்டோடு இடப்பக்கமாகச் சற்று நகரும். நின்ற நிலையில் நேராக வைத்தால் ஓடும் நிலையில் கோணலாகிவிடும். மிதியை அழுத்திய நிலையில்தான் நேர் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் சில வாரங்களில் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்து, மேசைக்குக் கீழே தரையில் கருப்புப் பொடி கோடாக விழுந்திருக்கும். பெல்ட்டின் நடுவில் ஒரு கிலோ எடை அளவுக்கு விரலால் அழுத்தினால் 15 மி.மீ. உள்ளே போக வேண்டும் என்பது சிங்கிள் நீடில் இயந்திரத்துக்கு உற்பத்தியாளர் சொல்லும் அளவு. எங்கள் வேலைக்கும் அது ஒத்துவருகிறது. சக்கரத்தின் விட்டத்தை மாற்றியவர்கள் பெல்ட்டின் நீளத்தையும் மாற்ற வேண்டும்: விட்டத்தில் 40 மி.மீ. கூடினால் பெல்ட்டில் ஏறக்குறைய 63 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம் கூடும். எம்-42 (42 அங்குல எம் பெல்ட்) போட்டவர் எம்-44 அல்லது 45 வாங்கி, மீதியை மோட்டார் ஏற்ற இறக்கத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

பெரிய சக்கரம் போட்ட கடைகளில் பெல்ட் மூடி மறுபடியும் ஏறுவதில்லை, ஏனெனில் பழைய மூடி அதற்குப் போதாது. துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் பின்னலும் அந்தப் பள்ளத்துக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மூடி பொருந்தவில்லை என்றால் சக்கரம் பொருந்தவில்லை என்றே கணக்கு.

இனி, வாக்கிங் ஃபுட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய விஷயம். சிங்கர் 111-இலும் அதன் வழி இயந்திரங்கள் பலவற்றிலும் தையல் நீளத்தை மாற்ற நெம்புகோலோ டயலோ கிடையாது. துணி நகரும் தளமான படுக்கையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை இடக்கையால் அழுத்திக்கொண்டு வலக்கையால் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் பொத்தான் உள்ளே ஒரு வெட்டில் ‘கட்’ என்று விழும். அப்படியே அழுத்திப் பிடித்தபடி சக்கரத்தை மேலும் திருப்பும்போது எக்சென்ட்ரிக் என்ற, மையம் விலகிச் சுழலும் உள்வளையத்தின் விலகல் மாறி, தையல் நீளமாகவோ குட்டையாகவோ ஆகும். எவ்வளவு ஆயிற்று என்பதைச் சக்கரத்தின் விளிம்பில் பொறித்த எண், உடலில் இருக்கும் அம்புக்குறிக்கு நேரே வருவதை வைத்துப் படிக்க வேண்டும். எண் இல்லாத சக்கரத்தை மாட்டினால் இயந்திரம் ஓடும். தையல் நீளம் மட்டும் குருட்டாம்போக்காகிவிடும். எங்கள் கடையில் தைக்கும் பெண், எண்ணில்லாத சக்கரம் மாட்டிய அன்று கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, இதுல ஆறு எங்கங்கண்ணா இருக்குது?” என்பதுதான், இருக்கை உறைக்கு அங்குலத்துக்கு ஆறு தையல் வைப்பது எங்கள் வழக்கம்.

எண்ணை நாமே பொறித்துக்கொள்ளலாம். நூலைக் கழற்றிவிட்டு, தடித்த அட்டை ஒன்றில் வெறும் ஊசியால் தைக்க வேண்டும். பொத்தானை அழுத்தி ஓரளவு திருப்பி விட்டு, அட்டையில் ஒரு சாண் தைத்து, ஸ்கேலை வைத்து இரண்டு அங்குலத்துக்குள் எத்தனை இடைவெளி என்று எண்ணிப் பாதியாக்குவது நான் செய்யும் முறை. அங்குலத்துக்கு ஆறு கிடைத்ததும் பொத்தானை மறுபடியும் அழுத்தி, சக்கரத்தைச் சுற்றி, அது வெட்டில் விழுந்த நிலையில் அம்புக்குறிக்கு நேரே மார்க்கரால் கோடு போட வேண்டும். ஐந்துக்கும் எட்டுக்கும் பத்துக்கும் இதே போலச் செய்துவிட்டு, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு சென்டர் பஞ்சால் மெல்லக் குத்தி, குழியில் வெள்ளை பெயிண்ட் தடவித் துடைத்தால் கோடு அழியாது. குத்துவதை மட்டும் சக்கரத்தைக் கழற்றி மேசையில் வைத்தே செய்ய வேண்டும். தண்டின் மேல் வைத்துத் தட்டக் கூடாது என்பதற்கான காரணம் மேலே சொன்னதுதான். முதல் ஸ்க்ரூவைத் தட்டையில் உட்காரவைப்பதன் இன்னொரு பயன் இங்கே தெரியும்: கழற்றி மாட்டினாலும் சக்கரம் அதே கோணத்தில்தான் உட்காரும், கோடுகள் பொய்யாகாது.

ஊசி நிற்கும் இடத்தை அறியும் சென்சாரோடு சர்வோ மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கோணக் கணக்கு உண்டு. சென்சாரோ அதன் காந்தமோ சக்கரத்தில் பூட்டப்பட்டிருந்தால், புதுச் சக்கரத்தில் அது பழைய கோணத்தில் உட்காராவிட்டால் ஊசி மேலே நிற்க வேண்டிய இடத்தில் பாதி வழியில் நிற்கும். மோட்டார் நேராகத் தண்டிலேயே அமைந்த டைரக்ட் டிரைவ் இயந்திரங்கள் பலவற்றில் பிளாஸ்டிக் சக்கரத்தின் உட்பக்கத்தில் இந்தக் காந்தம் இருக்கிறது. அவற்றுக்கு அதே மாடலின் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் மாட்டி லாபமில்லை.

எல்லாம் முடிந்து முதல் தையலுக்கு முன் ஊசியையும் நூலையும் கழற்றி, கையால் முழுச்சுற்றுகள் சுற்றி, பிறகு மிதியால் மெதுவாகச் சில நிமிடங்கள் வெறுமனே ஓட்ட வேண்டும். பின்புஷ் பக்கம் கையால் தொட்டுப் பார்த்தால் சூடு கூடக் கூடாது. புதுப் பெல்ட் முதல் வாரத்தில் சற்று நீளும், செட் ஸ்க்ரூவும் ஒரு கால் திருகு இடம்கொடுக்கும். ஆகவே வாரம் கழித்து இரண்டையும் ஒரு முறை இறுக்கினால் போதும். தேய்ந்த பழைய சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்: பள்ளச் சுவர் போதிய கனத்தோடு இருந்தால் லேத்தில் பள்ளத்தை அதே கோணத்தில் ஒரு சீவு சீவிப் புதுப்பித்து உபரியாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் சீவியதில் பயனுறு விட்டம் நாலைந்து மி.மீ. குறையும், இயந்திரம் அந்த அளவுக்குக் கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.